பன்னிரண்டு நாற்பது வண்டியும் பேரிக்காய் உதிரியும்

தொப்பிப்பாறையில் நேரம் நின்றுபோனது ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு. ஏன் நின்றது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எப்போது மறுபடி ஓடியது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: சலேத்து சட்டியின் மூடியைத் தூக்கியபோது. நடுவில் எத்தனை நாள் நின்றது என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. நாள் என்று ஒன்று விடிந்து அடைந்தால்தானே எண்ணுவதற்கு!

சலேத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மலையேறி வரும் ஒரே பஸ் மூச்சு வாங்கி நின்று திரும்புகிற மேட்டுக்கு எதிரே அவள் வீடு. புருஷன் இன்னாசி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம், பிள்ளை குட்டி கிடையாது, சொத்து என்றால் கொல்லையில் நிற்கிற ஏழு பேரி மரம்தான். தொப்பிப்பாறைப் பேரிக்காயைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அது காயில்லை, கல். கடித்தால் பல் போகும், எறிந்தால் மண்டை போகும். பழுக்கட்டும் என்று வைக்கோலில் போட்டு வைத்தால், வெளியே விறைப்பாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் அழுகிப்போகும். "அப்படியே நம்மூரு ஆம்பளைகதான்" என்பாள் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய்.

அந்தக் கல்லைக் கரைக்கிற வித்தை சலேத்து ஒருத்திக்குத்தான் தெரியும். சின்ன வயதில் மலைக் கான்வென்ட் ஒன்றின் அடுக்களையில் பாத்திரம் தேய்த்தவள். அங்கிருந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் செய்ததைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அவர்கள் அதற்குச் சொன்ன பேர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் ஊர் அதற்கு உதிரி என்று பேர் வைத்தது. பேரிக்காயைத் தோல் சீவி, கொட்டையெடுத்து, நகக்கனத்துக்கு அரிந்து, கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிந்து, நாட்டுச் சர்க்கரையும் சுக்குப் பொடியும் தூவிப் பிரட்டித் தட்டில் பரப்புவாள். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு, புட்டுக்குப் பிசிறுகிற மாதிரி விரல் நுனியாலேயே பிசிறி, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிருகிற பக்குவம் வந்ததும் காய்க்கு மேல் மழைத்தூறலாகத் தூவுவாள். அகலமான அலுமினியச் சட்டியில் மூன்று விரல் உயரம் ஆற்று மணலைக் கொட்டிச் சுடவைத்து, அதில் இரும்பு வளையம் வைத்து, வளையத்தின் மேல் தட்டை வைத்து, மூடி போட்டு, மூடிமேல் தணலை அள்ளி வைப்பாள். கீழே நெருப்பு, மேலே நெருப்பு, நடுவில் பேரிக்காய். எப்பேர்ப்பட்ட கல்லும் இளகித்தானே ஆகவேண்டும்.

சலேத்து வீட்டில் கடிகாரம் கிடையாது. தேவையும் இல்லை. உதிரி வேக நாற்பது நிமிடம், பஸ் மேட்டில் நிற்பதும் நாற்பது நிமிடம். பன்னிரண்டுக்கு வண்டி வந்து நிற்கும்போது தட்டைச் சட்டிக்குள் இறக்குவாள். பன்னிரண்டு நாற்பதுக்கு டிரைவர் ஹாரன் அடிப்பார். அடித்ததும் மூடியைத் திறப்பாள். திறந்து, ஆவி பறக்கிற உதிரியில் இரண்டு கரண்டி அள்ளி வாழையிலையில் பொட்டலம் கட்டி, ஓட்டமும் நடையுமாகப் போய் டிரைவர் ஜன்னலில் நீட்டுவாள். பேரி இல்லாத மாதத்தில் பிளம்ஸ், பிளம்ஸும் இல்லாத மாதத்தில் மலைவாழை. பழம் மாறும், பொட்டலம் மாறாது. ஆறு வருடமாக இப்படி.

டிரைவர் பேர் ஒச்சப்பன். மனைவியை இழந்தவர். உயரமான, பேச்சுக் குறைந்த ஆள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் தூங்குகிற குழந்தை விழிக்காதபடி ஓட்டுவார் என்று பேர். ஊரில் பல் முளைத்த பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை அவரை "டிரைவரண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். சலேத்து மட்டும் ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. பொட்டலத்தை நீட்டி "இந்தாங்க" என்பாள். அவரும் ஊர்ப் பெண்களையெல்லாம் தங்கச்சி, ஆத்தா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், அவளிடம் மட்டும் "சரிங்க" என்று வாங்கிக்கொள்வார். இந்தாங்கவும் சரிங்கவும் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊர் முழுவதற்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியாதது போல நடந்துகொண்டார்கள்.

அந்த வியாழக்கிழமையோடு ஒச்சப்பனுக்குப் பணி ஓய்வு. டெப்போவில் வண்டியின் நெற்றியில் செவ்வந்தி மாலை கட்டி அனுப்பியிருந்தார்கள். திருப்பூரில் இருக்கிற மகன் நாலாவது மாடியில் வீடு பார்த்து அப்பாவுக்கு ஓர் அறையும் ஒதுக்கியிருந்தான். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்குகிற வேலை காத்திருந்தது. இனி தொப்பிப்பாறைக்கு அவர் வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. ஒருத்தி இருந்தாள், ஆனால் ஆளைக் காரணம் என்று வாய்விட்டுச் சொல்லாதவரை அது காரணமாகாது.

சலேத்து காலையிலேயே மரத்தில் ஏறி இருப்பதிலேயே நல்ல காயாகப் பறித்தாள். வண்டி வந்து நின்றதும் தட்டை இறக்கினாள். அடுப்பெதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். ஹாரன் அடிக்கட்டும், திறக்கலாம் என்று காத்திருந்தாள். இன்றைக்குத் திறந்தால் அதுதான் கடைசிப் பொட்டலம், அதனால் ஹாரன் மெதுவாகவே வரட்டும் என்றும் நினைத்தாள். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் ஆறு வருடத்தில் முதல்முறையாக ஹாரன் மேல் கை வைக்கத் தயங்கினார். அடித்தால் அதுதான் கடைசி ஹாரன். அவள் பொட்டலத்தோடு வரட்டும், வாங்கிக்கொண்டு அடிக்கலாம் என்று காத்திருந்தார். தட்டு ஹாரனுக்காகக் காத்திருந்தது, ஹாரன் தட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டு பேர் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றால் நடுவில் அகப்பட்ட நேரம் பாவம் என்னதான் செய்யும்? அதுவும் நின்றது.

முதலில் கண்டுபிடித்தவர் போஸ்ட்மாஸ்டர் சிங்கராயர். அவர் தினமும் பன்னிரண்டே முக்காலுக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பவர். ஒரு நிமிடம் முந்தமாட்டார், ஒரு நிமிடம் பிந்தமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு நாற்பது. மேசையிலிருந்த தபாலையெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டுப் பார்த்தார், பன்னிரண்டு நாற்பது. தபால்பையைத் தைத்தார், ஜன்னலைத் துடைத்தார், போன வருடத்துப் பதிவேட்டையெல்லாம் ஒழுங்கு பண்ணினார், பன்னிரண்டு நாற்பது. வயிறோ பன்னிரண்டு நாற்பதுக்கு எவ்வளவு பசிக்குமோ அவ்வளவே பசித்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். சூரியன் உச்சியிலிருந்து ஒரு சாண் சரிந்த இடத்தில் அப்படியே நின்றது.

ஊர் இதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. தொப்பிப்பாறையில் கரண்ட் போகும், போன் சிக்னல் போகும், ரேஷனில் பாமாயில் வராமல் போகும். இன்றைக்கு நேரம் வரவில்லை, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார்கள். மேலும் அதில் லாபமும் இருந்தது. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரைதான் தண்ணீர் விடுவார்கள். அன்று தண்ணீர் நாள். பன்னிரண்டே முக்கால் வரவே இல்லை, தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் குடத்தை நிரப்பினார்கள், அண்டாவை நிரப்பினார்கள், கல்யாணத்துக்கு வாங்கிப் பரணில் ஏற்றியிருந்த தவலையையெல்லாம் இறக்கி நிரப்பினார்கள், நிரப்பப் பாத்திரம் தீர்ந்ததும் கம்பளிகளைத் துவைத்தார்கள், கம்பளி தீர்ந்ததும் ஆடுகளைக் குளிப்பாட்டினார்கள், ஆடு தீர்ந்ததும் குழாயடியில் சண்டைபோட ஒரு காரணமும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். துவைத்தது ஒன்றும் காயவில்லை என்பதுதான் ஒரே குறை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதிய இடைவேளை முடியவே இல்லை. கபடி ஆடினார்கள், கிளித்தட்டு ஆடினார்கள், தெரிந்த ஆட்டம் தீர்ந்து தெரியாத ஆட்டங்களைக் கண்டுபிடித்து ஆடினார்கள், கடைசியில் அத்தனை பேரும் வரிசையாக வந்து வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று, "சார், ஒரே ஒரு கணக்கு குடுங்க சார்" என்று கெஞ்சினார்கள். வாத்தியார் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாராயக் கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிலைமைதான் மோசம். குடிக்கிறவனுக்கு ஏறவும் இல்லை, ஏறியவனுக்கு இறங்கவும் இல்லை. அரை உலையில் நின்றுபோன சோறு அரை வேக்காட்டிலேயே நின்றது. கோழி முட்டையிடப் போனது போனபடி உட்கார்ந்திருந்தது. வண்டி நெற்றியில் செவ்வந்தி மாலை ஓர் இதழ்கூட வாடவில்லை.

இதெல்லாம் ஊர்க் கதை. சலேத்து கதைக்கு வருவோம்.

ஹாரன் வரும் வரும் என்று பார்த்து, தணல் சாம்பல் பூக்காமல் அப்படியே சிவந்திருப்பதையும் பார்த்து, என்னவோ சரியில்லை என்று அவள் எழுந்திருக்கும் நேரத்தில் அடுக்களை வாசலில் நிழல் விழுந்தது. ஒச்சப்பன் நின்றார். ஆறு வருடத்தில் வண்டியைவிட்டு இறங்கி அவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை.

"ஏங்க, இன்னும் வேகலையா?"

"நீங்க இன்னும் ஹாரன் அடிக்கலையே?"

"நீங்க பொட்டலத்தைக் குடுத்ததும் அடிக்கலாம்னு இருந்தேன்."

"நீங்க அடிச்சதும் திறக்கலாம்னு நானும் இருந்தேன்."

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள். பிறகு வெளியே நின்றுபோன வெயிலைப் பார்த்தார்கள். கண்ணுக்கெதிரே விஷயம் புரிந்துவிட்டது. கையை நீட்டி மூடியைத் தூக்கினால் தீர்ந்தது, நடந்துபோய் ஹாரனை அமுக்கினாலும் தீர்ந்தது. சலேத்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார்.

"இருக்கட்டுமே" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் அவளும், திருடிக்குத் தேள் கொட்டியது போல முகத்தை வைத்துக்கொண்டு.

பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். ஊரையே நிறுத்திவைத்துவிட்டு இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள்.

பேசினார்கள் என்றால் அப்படியொரு பேச்சு. ஆறு வருடம் இந்தாங்க, சரிங்க என்று இரண்டே சொல்லில் குடித்தனம் நடத்தியவர்களா இவர்கள் என்று பாக்கியத்தாயே வாயைப் பிளந்தாள். அவர் பதினான்கு வளைவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், எந்த வளைவில் எந்த வருடம் யானை நின்றது, எதில் பிரேக் சதி பண்ணியது, எதில் மழைக்காலத்தில் நீர் விழும் என்று சொன்னார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வண்டியை எடுக்கப் போனதையும், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்ததையும் சொன்னார். அவள் கான்வென்ட் கதை சொன்னாள், கன்னியாஸ்திரிகளில் ஒருத்தி வெண்ணெயை ஒளித்துவைத்துத் தின்றதைச் சொன்னாள், இன்னாசியைப் பற்றி நல்லதும் சொன்னாள், அல்லாததையும் சொன்னாள். சிரித்தார்கள். ஒருமுறை இருவரும் அழுதார்கள்கூட. ஆனால் எதைச் சொல்லவேண்டுமோ அதை மட்டும் ஒச்சப்பன் சொல்லவில்லை.

பாக்கியத்தாய் கொல்லைப் பக்கமாக வந்து சாடையாக விசாரித்துவிட்டுப் போவாள்.

"கேட்டாரா?"

"என்னத்தடி?"

"ஆமா, ஒண்ணுந் தெரியாத பாப்பா! கேட்டாரா இல்லையா?"

"இன்னும் இல்ல."

"கேப்பாரு, கேப்பாரு. நேரம் எங்க ஓடியா போகுது?"

அவளே கேட்டுவிடலாம்தான். கேட்கத் தெரியாதவள் இல்லை சலேத்து. ஆனால் பதினெட்டு வயதில் அவளை இன்னாசிக்குக் கொடுத்தபோது அப்பாவைக் கேட்டார்கள், பெரியப்பாவைக் கேட்டார்கள், பங்குச் சாமியாரைக் கேட்டார்கள், வாசலில் கட்டியிருந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை கேட்டார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஆயுசுக்குள் ஒரே ஒருதரம் யாராவது தன்னைக் கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது பெரிய ஆசையா? அவளுக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அதற்காகத்தான் நேரத்தைக் கட்டிப்போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. நிற்கட்டும் கட்சிக்குக் குழாயடிப் பெண்கள் தலைமை. ஓடட்டும் கட்சிக்குச் சிங்கராயர் தலைமை. அவர் பசியோடு நின்றவர், நியாயம் அவர் பக்கம் இருந்தது. கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம், முடிச்சு அடுப்படியில்தான் இருக்கிறது என்பது. சிங்கராயர் ஒருமுறை நேராகவே வந்துவிட்டார்.

"டிரைவரண்ணே, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்கக் கூடாது. மனசில ஒண்ணு இருந்தா பட்டுனு போட்டு ஒடைச்சிரணும். எனக்குப் பசிக்குது."

"என்னத்தங்க ஒடைக்கச் சொல்றீக?" என்றார் ஒச்சப்பன், மெய்யாகவே புரியாதவர் போல.

"சரியாப் போச்சு" என்று தலையிலடித்துக்கொண்டு போனார் சிங்கராயர்.

கடைசியில் வந்தது செவனம்மா. வண்டியில் முதல் சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவம், வலி கண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள். முதல் வலி வந்துபோய் அடுத்த வலி வருவதற்குள் நேரம் நின்றுவிட்டது. வலியில்லையே என்று ஆரம்பத்தில் அவளுக்கும் சந்தோஷம்தான். வண்டியைவிட்டு இறங்கினாள், குழாயடியில் கதை பேசினாள், பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தாள். ஆடுகிற பிள்ளைகளை வெகு நேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து சலேத்து வீட்டுக் கொல்லைக்கு வந்து, பேரி மரத்தடியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்களைக் கொறை சொல்லல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம்புள்ள மொகத்தை நான் எப்பக்கா பாக்குறது?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் சலேத்து திருப்பித் திட்டியிருப்பாள். இதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது. தன் ஆசைக்காக ஒரு குழந்தையை வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் நாற்பது நிமிடம் இருந்தபோதும் கேட்கவில்லை, எல்லையில்லாத நேரம் இருக்கும்போதும் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்திலாவது, அடடா போகிறோமே என்று ஒரு பார்வை பார்ப்பார். இப்போது அதுவும் இல்லை. பெட்டிமேல் சாவகாசமாக உட்கார்ந்து ஒன்பதாவது வளைவை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே வந்தாள். கரித்துணியைக் கையில் எடுத்தாள்.

"போய் ஒங்க சீட்டுல உக்காருங்க."

"ஏங்க, இப்ப என்ன அவசரம்?"

"அதத்தான் சொல்றேன். ஒங்களுக்கு ஒரு அவசரமும் இல்லாமப் போச்சு. போங்க."

அவர் எழுந்து, எதுவோ சொல்ல வாயெடுத்து, வந்த வழியே அதை விழுங்கி, குனிந்த தலையோடு வண்டிக்கு நடந்தார். அவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தாள். செவனம்மாவும் அவள் அம்மாவும் ஏறியதைப் பார்த்தாள். ஆண்டவரே என்று மூடியைத் தூக்கினாள்.

அத்தனை நேரமும் ஒரே மூச்சாக ஊருக்குள் வந்து விழுந்தது. அடுப்புகளில் பால் பொங்கி வழிந்தது, கோழி முட்டையிட்டுக் கத்தியது, பள்ளிக்கூட மணி அடித்தது, பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டு வகுப்புக்குள் ஓடினார்கள், சாராயக் கடையில் ஏழு பேர் ஒன்றாகச் சாய்ந்தார்கள், தெருக்குழாய் இரண்டு தும்மல் தும்மி நின்றது, சிங்கராயர் கடிகாரத்தைப் பார்க்காமலே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். செவனம்மா "அம்மா" என்று அலறியது ஊர்க் கோடி வரை கேட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். ஹாரன் அடித்தது. வண்டி உறுமிக்கொண்டு பின்னால் வந்து, திரும்பி, இறக்கத்தைப் பார்த்து மூக்கை நீட்டியது.

சலேத்து அன்று பொட்டலம் கட்டவில்லை. ஆவி பறக்கிற தட்டைக் கரித்துணியோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். போகிறவர் போகட்டும் என்று நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, அடுப்புப் புகை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வண்டி அவள் வாசலைக் கடக்கிற நேரம், ஜன்னலிலிருந்து ஒச்சப்பன் இடுப்பளவு உடம்பை வெளியே நீட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு பதற்றத்தை ஊர் பார்த்ததே இல்லை.

"ஏங்க! நீங்க ஏறுறீகளா, நான் எறங்கட்டுமா?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். வண்டியிலிருந்த முப்பது பேரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்ததில் வண்டியே கொஞ்சம் சாய்ந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவே செவனம்மாகூட எட்டிப் பார்த்தாள்.

"நல்லா எறங்குனீக!" என்று கத்தினாள் சலேத்து. "அந்தப் புள்ளைக்கு வலி நெருக்குது, வண்டியைப் பாத்து ஓட்டுங்க! எறங்குறதா இருந்தா நாளைக்கு டிக்கெட் எடுத்து வந்து எறங்குங்க!"

வண்டி போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கேட்டது, ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னதாக. பிறகு கேட்கவில்லை.

ஊர் அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டது. "கைக்கு வந்ததை வழியில விட்டியேடி" என்று பாக்கியத்தாய் தலைதலையாக அடித்துக்கொண்டாள். மாடிவீட்டு மகனை விட்டுவிட்டு ஒருத்தன் டிக்கெட் எடுத்து மலையேறுவானா என்றார்கள். வருவார் என்றார்கள், வரமாட்டார் என்றார்கள். அன்று மத்தியானம் பன்னிரண்டு நாற்பதிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை ஓடிய நேரம் இருக்கிறதே, அது நின்றிருந்த அத்தனை நேரத்தையும்விட நீளமாக இருந்தது சலேத்துக்கு. அதுவும் ஒழுங்காக ஓடியே அவ்வளவு நீளம். சாயந்திரம் வந்தது, விளக்கு வைத்தாள், ஜெபமாலை சொன்னாள், படுத்தாள், எழுந்தாள், முற்றத்தைக் கூட்டினாள், கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினாள்.

மறுநாள் வண்டிக்குக் காத்திராமல் முன்னாலேயே தட்டை இறக்கிவிட்டாள். எப்போது எடுப்பது என்று தெரியவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, சர்க்கரை உருகி ஓரத்தில் கொதிக்கிற வாசனை வந்ததும் தானே எடுத்துவிட்டாள். சரியாகத்தான் வெந்திருந்தது.

பன்னிரண்டுக்குப் புது டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். மேட்டில் ஊரே நின்றது. படியில் இறங்கியவர்களை ஊர் ஒவ்வொருவராக எண்ணியது. உரமூட்டைக்காரர் இறங்கினார், சந்தைக்குப் போனவர்கள் இறங்கினார்கள், கண்டக்டர் இறங்கி, செவனம்மாவுக்குப் பொம்பளைப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த அஞ்சாம் நிமிடம் பிறந்துவிட்டது என்று செய்தி சொன்னார். எல்லாருக்கும் கடைசியாக, பித்தான் போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு சூட்கேஸுமாக ஒச்சப்பன் இறங்கினார். டிக்கெட்டை விரலில் இடுக்கி எல்லாருக்கும் தெரியும்படி பிடித்திருந்தார்.

"மகன்கிட்ட என்னண்ணே சொன்னீக?" என்று சிங்கராயர் கேட்டார். அன்றைக்குச் சாப்பாட்டை நாலு நிமிடம் தள்ளிப்போடவும் தயாராக வந்திருந்தார். அவர் வாழ்க்கையில் அது முதல்முறை.

"பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னேன்."

"பொண்ணு பாக்கன்னா பெரியவங்கல்ல வரணும்?"

"உசுரோட இருக்கிற பெரியவன் நான் ஒருத்தன்தான். அதான் வந்துட்டேன்."

அப்புறம் ஊரைக் கேட்கவேண்டுமா? சலேத்து வீட்டு முன்கூடத்தில் பாய் விரிந்தது. சிங்கராயர் பெண் வீட்டுப் பெரியவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். பாக்கியத்தாய் எங்கிருந்தோ ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்றவள் தலையில் பலவந்தமாக வைத்தாள். பெண் பார்க்க வந்தால் பெண் கையால் ஏதாவது இனிப்பு வரவேண்டுமே. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் கால் பின்னப் பின்ன நடந்துவந்து உதிரித் தட்டை மாப்பிள்ளை முன்னால் வைத்தாள்.

ஒச்சப்பன் பெரிய கரண்டியாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சிங்கராயர் முறைப்படி கேட்டார்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணைப் புடிச்சிருக்கா?"

பேரிக்காய்க்குள் இருந்த சூடு அப்போதுதான் நாக்கைத் தொட்டது. ஒச்சப்பனுக்குப் பேச்சு வரவில்லை. கண் கலங்கியது, கையை விசிறினார், வாயைத் திறந்து மூடினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒருவழியாக விழுங்கினார்.

"எனக்குப் புடிச்சு ஆறு வருசமாச்சு" என்றார். "நீங்க என்னைக் கேக்குறீக. அவுகளை யாராச்சும் கேட்டீகளா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. சிங்கராயர் பாய்க்கோரையைப் பிய்த்தார். ஒச்சப்பன் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, நேராக அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஏங்க. ஒங்களுக்கு என்னையப் புடிச்சிருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதினெட்டு வயதிலிருந்து பதில் வைத்திருந்தவள் சலேத்து. எத்தனையோ விதமான பதில்கள், அழகானது, மிடுக்கானது, மூக்கறுக்கிறது என்று சேர்த்துவைத்திருந்தாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. உடம்பெல்லாம் சூடாக, சந்தோஷமாக இருந்தது. தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டாள்.

"சக்கரை எப்படி இருக்கு?"

அவர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"ஒரு பிடி கூடத்தாங்க."

"அதுக்கென்ன, நாளைக்குக் கொறைச்சுக்கலாம்" என்றாள் சலேத்து.